ஜோடி சேராத ஷூ

"இன்னா பாய் இது, இடது கால்ல பழுப்பு, வலது கால்ல கறுப்பு? இருட்டுல யார் ஷூவையாவது மாத்திப் போட்டுக்கினு வந்துட்டீங்களா?"

பிரேம்குமார் கேட்டதும் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரஃபி அகமதுவும் சேர்ந்து சிரித்தார். பேரணாம்பட்டுக்காரர், ஐம்பது வயது.

கடப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரமாகவே நாலு நாள் நடை. முதுகில் மூட்டை, ராத்திரிக்கு வழியில் ஏதாவது ஒரு கீற்றுக் குடிசை. மூன்று நாள் முடிந்துவிட்டது. பத்துப் பேர் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்வது எப்போதும் ரஃபி பாய்தான். மற்றவர்கள் அலைக்கு ஒதுங்கி நடக்க, இவர் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரிலேயே நடந்து வந்தார்.

"ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற ஊரு உங்க ஊரு. அங்க இருந்துக்கினு கழிச்சுப் போட்ட மால்தான் கிடைச்சுதா?" பிரேம்குமார் விடவில்லை.

"எனக்கு இதுதாம்பா" என்றார் பாய்.

பிரேம்குமாரின் மனைவி சௌம்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து, மணல் புகுந்து அறுத்ததில் பாயின் கட்டைவிரலில் ரத்தம். தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாத தன் அப்பாவைப் பார்ப்பது போலவே இருந்தது அவளுக்கு. மனசு கேட்கவில்லை.

"பாய், இவரு இன்னொரு ஷூ கொண்டாந்திருக்காரு. உங்க சைஸுதான். போட்டுக்குங்க."

"வேணாம்மா, பேஜார் பண்ணாத. மூணு நாள் ஓடிடுச்சு, நாளைக்கு ஒரு நாளும் இதுலயே ஓடட்டும்."

"அப்ப ஆட்டோல ஏறிடுங்க. ரோடு பக்கத்துலதான் இருக்குது. இந்தக் காலோட எப்படி நடப்பீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நாலு நாளும் முழுசா நடந்தே ஆகணும்மா. பாதியில விட்டா எல்லாம் வீணாப்போய்டும்."

ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள் சௌம்யா. நடக்கவும் வேண்டும், அடுத்தவர் பொருளை வாங்கவும் கூச்சம். எப்படியாவது இந்த மனுஷனை நல்லபடியாகப் புதுச்சேரிக்குக் கொண்டுசேர்த்துவிட வேண்டும். அவள் புருஷனைப் பார்த்தாள். கேலி பேசியவன் இப்போது தலையாட்டினான்.

மறுநாள் விடியற்காலை ரஃபி பாய் தொழுவதற்காக வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் போனார். ஷூக்கள் குடிசை வாசலில் கிடந்தன.

தொழுகை முடிந்து திரும்பியவர் பாதி வழியில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்தக் காலோடு ஓடியே வந்துவிட்டார்.

"தோல் எரியுற வாசனை வருதே! இன்னா எரியுது?"

"உங்க ஷூதான் பாய்" என்றாள் சௌம்யா, சந்தோஷமாக. "அது இருந்தா அதையேதான் போட்டுப்பீங்க. இங்க கொசுவும் ஜாஸ்தி, சவுக்கு விறகும் ஈரம், பத்தவே இல்ல. ரெண்டு ஷூவையும் தூக்கி நெருப்புல போட்டுட்டோம். இந்தாங்க, இவரோட ஷூ. இனிமே வலிக்காம நடங்க."

ரஃபி பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்துச் சௌம்யாவுக்கும் கண் கலங்கியது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"நல்ல மனசும்மா உங்களுக்கு" என்று அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, போனோடு கொஞ்சம் தள்ளிப் போனார். தள்ளிப் போய் என்ன? காற்று அவர் பேச்சை அப்படியே இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

"மேனேஜர் சார், ரஃபி பேசுறேன். இடது கால்ல போட்டிருந்த பழைய சோல் முந்தாநேத்தே வாயப் பொளந்துடுச்சு. வலது கால்ல நம்ம கம்பெனியோட புது சோல் இருக்குதே, உப்புத் தண்ணில மூணு நாளும் அசையல சார்! நீங்க சொன்ன மாதிரி யார்கிட்டயும் மூச்சு விடல... இல்ல சார், ஆர்டர் குடுக்குறவங்களுக்குக் காட்ட ஷூ இப்ப இல்ல. அலை இழுத்துக்கினு போய்ட்டுது, தப்பு என்னோடதுதான்... கோவிச்சுக்காதீங்க சார், அதே மாதிரி இன்னொரு ஜோடி பஸ்ல போட்டு அனுப்புங்க, கடப்பாக்கத்துலேர்ந்து மறுபடியும் நாலு நாள் நடந்துட்டு வர்றேன்."