சின்னதைக் கூட்டு, பெரியதைக் கழி

"அண்ணா, அந்த ஆள் என்னையேதான் பாக்குறான்," என்றான் கர்ட்டிஸ், உதடு அசையாமல்.

மேற்பார்வையாளர் இரண்டாவது முறையாக அவர்கள் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். விழும் சீட்டுகளை மனதுக்குள் எண்ணி ஆடுகிறவர்களைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவதும் அமெரிக்காவின் ரீனோ நகரச் சூதாட்ட விடுதிகளில் அவரைப் போன்றவர்களின் வேலை.

"மூஞ்சிய சாதாரணமா வச்சுக்கடா. பேய் அறைஞ்ச மாதிரி இருக்காத," என்று முணுமுணுத்தான் வெர்னன்.

அம்மா சவக்கிடங்கில் இருந்தாள். அடக்கச் செலவில் பாதிதான் அவர்கள் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மீதி சேராவிட்டால் மாவட்ட நிர்வாகமே எரித்து, பெயர் இல்லாத குழியில் போட்டுவிடும். அப்பாவுக்குப் பக்கத்தில் அவள் வாங்கி வைத்த இடம் காலியாகவே கிடக்கும்.

எண்ணுவதற்குப் பல முறைகள் உண்டு. வெர்னன் படித்துப் பார்த்து ஆகச் சுலபமானதைத் தேர்ந்தெடுத்திருந்தான். இரண்டு முதல் ஆறு வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு. பத்து, அதே மதிப்புள்ள ராஜா, ராணி, ஜாக்கி, அல்லது ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. மற்றதை மறந்துவிடு. சின்னவை தீரத் தீர மிச்சம் இருப்பவை பெரியவை. அப்போது பந்தயத்தை ஏற்று.

"கஷ்டமான முறை இன்னும் துல்லியம்தான். ஆனா அழுதுக்கிட்டிருக்கிற மூளைக்கு அது ஆகாதுடா," என்றிருந்தான்.

கர்ட்டிஸ் ஒரு பிழையும் செய்யவில்லை. மேசையும் வேகமானது. சீட்டு போடும் பெண் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் விழுந்தவற்றை வாரி, கறுப்புப் பெட்டியின் பின்பக்கம் செருகினாள். முன்பக்கத்திலிருந்து அடுத்த சீட்டை உருவினாள். கலைப்பதற்காக ஆட்டம் நிற்கவே இல்லை.

மேற்பார்வையாளர் நகர்ந்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டான் வெர்னன்.

"பிளஸ் பதினாலுண்ணா!"

"பாதிய வை."

கர்ட்டிஸுக்கு ஐந்தும் ஆறும் வந்தன. கூட்டினால் பதினொன்று; இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்குபவருக்கே வெற்றி. அந்தப் பெண்ணின் முன் ஆறு திறந்திருந்தது.

"மீதியையும் வச்சு ரெட்டிப்பாக்கு. உள்ள இருக்கிறது எல்லாம் பத்துதான்."

ரெட்டிப்பாக்கினால் இன்னும் ஒரே ஒரு சீட்டுதான். வந்தது நான்கு; மொத்தம் பதினைந்து. அந்தப் பெண் பதினெட்டு எடுத்தாள். பணம் கொடுத்து வாங்கிய பந்தய வில்லைகள் அத்தனையும் மேசையின் அந்தப் பக்கம் போயின.

கர்ட்டிஸ் வெறுங்கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் திரும்பி வந்து, "காப்பி ஏதாவது சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

வெர்னன் வெடித்தான். "நாங்க எண்ணுறது உங்களுக்குத் தெரியும்ல? அப்பவே கழுத்தப் பிடிச்சுத் தள்ளியிருக்கலாமே சார்! எங்க அம்மாவைப் புதைக்க வச்சிருந்த பணம் அது!"

அவர் கறுப்புப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"விழுந்த சீட்டு அப்பப்பவே இதுக்குள்ள போய் மறுபடி கலைஞ்சிடுது தம்பி. நீங்க எதை எண்ணுனீங்க?"