காட்டுக்கத்தல் கண்டக்டர்

இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரக் கல்லூரியில் மாணவி செகார் எடுக்கும் இறுதியாண்டுப் படத்துக்கு இன்னும் இரண்டே பேர்தான் தேவை. காட்டுக்கத்தல் கத்தும் பாத்தாக் இன பஸ் கண்டக்டர் ஒருவர். விரலை வாயில் வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஜாவாக்காரப் பயணி ஒருவர்.

நடிக்க வந்த இருவரில் ஒருவர் குனிந்து வணங்கி, என்னவோ முணுமுணுத்தார்.

"சரி சரி, நீங்கதான் பயணி. அந்த நாற்காலியில உட்காருங்க," என்றாள் செகார்.

மற்றவர் எடுத்த எடுப்பிலேயே, "உள்ள போய்யா! படியில நிக்க இது என்ன உன் மாமியார் வீடா?" என்று போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

செகார் கைதட்டினாள். "பாத்தாக் ரத்தம்னா ரத்தம்தான்! இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா வருமா?"

ஒத்திகை முடிந்தது. இருவரும் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் புரட்டிய தோழி லாஸ்த்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, உன் கண்டக்டர் அசல் ஜாவாக்காரர்டி! அந்தப் பயணிதான் பாத்தாக்!"

செகாருக்கு முகம் சிவந்துவிட்டது. பயணியிடம் திரும்பினாள். "என்னண்ணா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"உள்ள வந்ததுமே சொன்னேனேக்கா," என்றார் அவர், அதே மெல்லிய குரலில். "கத்திச் சொன்னாத்தான் நம்புவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."