வெள்ளைக் கோட்டில் நெல்

“இறக்காமத்தில அவ்வளவு வயலும் வளவும் இரிக்கி. நெல்லுக் காயப்போட போடியாருக்கு எங்கட சைக்கிள் பாதைதான் கிடைச்சிச்சா?”

சைக்கிள் பாதைக்கான கூட்டத்தில் இன்பாஸ் சேர் இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்முனை மெயின் ரோட்டில் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிளில் போக ஒரு பாதை வேண்டும் என்று நாங்கள் ஏறாத படியில்லை. கடைசியில் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு கீறித் தந்தார்கள். அதுவும் பரீட்சார்த்தமாகத்தான். நாளைக்கு அதிகாரிகள் வந்து பார்த்து, நிரந்தரமாக்குவதா அழிப்பதா என்று முடிவு சொல்வார்கள்.

பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற வளைவில், அந்தக் கோட்டின் மேல்தான் வயற்சொந்தக்காரர் அச்சிமுகம்மது போடியார் நீளத்துக்கு நெல்லைப் பரப்பியிருந்தார். வடிகான் பக்கம் ஒரு பாய் அகலம் மட்டும் வெறுமனே கிடந்தது. அவர் நடந்து கிளறுவதற்கு விட்ட வழி என்று நினைத்தோம்.

“பிள்ளைகள் அந்த ஒடுக்கத்தாலதான் போகுதுகள். ‘நெல்லுக் காயவைக்கவா ஒங்களுக்குப் பாதை’ எண்டு கேட்டிட்டு அதிகாரிமார் போயிருவாங்க,” என்றாள் விதுஷா. பாண்டிருப்புக்காரி. கொன்வென்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

“ஜுனைதா, போடியார் ஒங்கட ஒழுங்கையில இரிக்கிறவர்தானே. நீங்க போய்க் கதைங்க,” என்றார் சேர்.

நான்தான் போக வேண்டும். எனக்கு இருப்பது ஒரேயொரு மகள், ஆகிலா. இந்த வருஷம்தான் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் திரும்பி வந்து ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்காது. எங்காவது பிரேக் கிறீச்சிட்டால் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேற்றுக்கு ஓடுவேன்.

கூட்டம் முடிந்து விதுஷாவும் நானும் நடந்து வந்தோம்.

“நாம போன ரோட்டா இது?” என்றாள்.

இதே ரோட்டில்தான் நாங்கள் வெள்ளைச் சட்டையோடு ஜோடி போட்டுச் சைக்கிள் மிதித்தோம். கடல் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். அவள் ரிப்பன் அவிழும், என் பர்தா பறக்கும். வீட்டு வாசலில் தொடங்கிய கதை கொன்வென்ட் கேற்றில்தான் முடியும்.

“பின்னால போடியார்ட லேண்ட் மாஸ்டர். மறந்திட்டியா?”

எப்படி மறப்பது? நெல் மூட்டை ஏற்றிய அந்த இரண்டு சக்கர உழவு மெஷின் புகையைக் கக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஊரும். அதற்குப் பின்னால் பஸ்கள் வரிசையாக நின்று ஹோன் அடிக்கும். போடியார் வெற்றிலையைச் சப்பியபடி, யாருடைய ஹோனோ என்று இருப்பார்.

“‘இறங்கி நடந்தா இன்னும் கெதியா வரலாம் போடியாரே’ எண்டு கத்தினவள் நீதான்டி,” என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“அண்டைக்கும் ரோட்டை மறிச்ச மனிசன். இண்டைக்கும் மறிக்கிறார்,” என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டோவில் ஏறினாள்.

நான் நேரே வளைவுக்குப் போனேன். போடியார் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நெல்லின் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு வயது போய் மூளை குழம்பிவிட்டதா?

“மாமா, காயவைக்கிற நெல்லுக்கு ஆராவது தண்ணி தெளிப்பாங்களா?”

“கச்சான் காத்து அடிக்கி புள்ள. பறந்திரும்.”

“நெல்லு பறக்குமா?”

அவர் இன்னொரு கை தண்ணீரை அள்ளித் தெளித்தார்.

“நாளைக்கு அதிகாரிமார் வாறாங்க மாமா. இதைக் கண்டா பாதையே இல்லாமப் போயிரும். நாளைக்கு ஒரு நாளைக்காவது அள்ளிருங்க.”

“நாளைக்கு ஒன்ட புள்ள பள்ளிக்கூடம் போகமாட்டாளா?”

“போவாள். அதுக்குத்தானே சொல்றன்!”

“நானும் அதுக்குத்தான் சொல்றன்.”

அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் வந்தார்கள். நடுவில் ஆகிலா. அவளுக்குப் பின்னால் ஒரு பஸ், முன்னே போன ஓட்டோவை முந்துவதற்காக வெள்ளைக் கோட்டுப் பக்கம் பாய்ந்தது.

நெல்லைக் கண்டதும் பஸ் சட்டென்று விலகியது. சோறாகப் போகிற பொருளின் மேல் டயர் ஏற்ற எங்கள் பக்கத்தில் எந்த டிரைவருக்கும் மனம் வராது.

நெல்லுக்கும் வடிகானுக்கும் நடுவே, அந்த ஒரு பாய் அகலத்தில், ஆகிலா மணியடித்துக்கொண்டு போனாள். “ஸலாம் மூத்தாப்பா!” என்று போடியாருக்குத்தான் சொன்னாள். நான் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கையில் கனமே இல்லை. நகத்தால் உரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அரிசி இல்லை. அத்தனையும் பதர்.

“பஸ்ஸில இருந்து பார்த்தா நெல்லுத்தானே,” என்றார் போடியார், வாளியைக் கவிழ்த்தபடி. “வெறும் கோட்டுக்கு எவன் பயப்படுறான் புள்ள? நாளைக்கு வாற ஆக்களிட்ட கல்லு வெச்சுக் கட்டச் சொல்லு. அதுவரைக்கும் இது கிடக்கட்டும். ஊரெல்லாம் சொல்லிப்போடாத. டிரைவர்மார் காதில விழுந்தா எல்லாம் முடிஞ்சிரும்.”

“நாளைக்கும் பரப்புங்க மாமா,” என்றேன்.

விதுஷாவுக்கு மட்டும் போன் எடுத்துச் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

“ஜுனைதா, நாம கொன்வென்ட் கேற்றுக்குள்ள திரும்பினாப் பிறகு அந்த லேண்ட் மாஸ்டர் எவ்வளவு வேகமாப் போகும், ஞாபகம் இருக்கா?”