எந்த விரல்

எந்தப் பக்கத்தைச் செருகுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கரை அளவு பார்க்கும் மெஷினின் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை நடுங்கியதில் தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார்.

தெய்வானை சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேர்வையில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அவரைப் பார்க்கவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாய் குழறி என்னவோ சொன்னாள்.

மேசைமேல் இரண்டு தட்டுகள் கவிழ்த்தபடியே இருந்தன. சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினைப் போட்டுக்கொண்டுவிட்டாள். அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாமென்று காத்திருந்திருக்கிறாள்.

அவர் அரிசி மண்டியில் பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிட்டார்.

தினமும் காலையில் அவள் இந்த மெஷினோடு சன்னலோரம் உட்காருவாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். ரத்தம் பார்த்தால் அவருக்கு ஆகாது.

விரலைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. ஓரமெல்லாம் கடுகு போலக் கறுப்புப் புள்ளிகள்.

எப்போதிருந்து?

ஊசியால் குத்தினார். வந்த துளியைப் பட்டையின் நடுவில் தடவினார். எண் வரவில்லை.

மகளுக்குப் போன் போட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா விழுங்குகிறாளா என்று அவள் கேட்டாள். விழுங்குவாள் என்றார்.

“அப்பா, மெசின உடுங்க. மொதல்ல சக்கரையக் கரைச்சு, கொஞ்சங்கொஞ்சமா வாயில குடுங்க.”

சர்க்கரை.

அந்த வீட்டில் அவர் காப்பிக்கு மட்டும்தான் சர்க்கரை. அது எந்த டப்பாவிலிருந்து வருகிறது?

ஒன்றைத் திறந்தார். உப்பு. அடுத்தது ரவை. ஒரு மூடி கைநழுவி உருண்டது. பின்னால் அவள் தலை சரிந்து அலமாரியில் இடித்த சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுப்பை ஒட்டி, கைக்கெட்டும் இடத்திலேயே ஒரு சின்னச் சம்படம். நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது. தண்ணீரில் கரைத்தார்.

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது.

தலையை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதைக் கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கியது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தார். அடுத்ததை.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை.

தெய்வானை கண்ணைச் சிமிட்டினாள். அவரைப் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

அவர் மேசைமேல் கவிழ்ந்திருந்த தட்டுகளைப் பார்த்தார்.

மறுபடி பார்க்க வேண்டுமென்று அவள் மெஷினுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. எந்தப் பக்கம் செருகுவது என்று கேட்டார். சொன்னாள். எந்த விரல் என்று கேட்டார்.

மோதிர விரலைத் திருப்பி, ஓரம் தெரிய நீட்டினாள்.

ஊசி விரலைத் தொட்டபடி நின்றது. அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறு கையால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.