சம்பந்திக்கு எழுந்தவர்

நாரின் என்ற மலை ஊரில், ஒரு வீட்டுக் கம்பளத்தில் மங்கிய வெயில் கிடக்கிறது. புருலுடைய மகளின் மாமனார் வாசலில் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றுகிறார். உள்ளே புருல், கணவர் தெமிர்குலின் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவருடைய நடுக்குவாதம் கையோடு நிற்கவில்லை. இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் தின்றுவிட்டது. எழுந்தால் வேகமாக அடிக்கச் சொல்லும் சேதி இனி அங்கே போய்ச் சேராது, ரத்தம் தலைக்கு ஏறாமல் மயக்கம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எந்திரிக்காதீங்க. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு." "சம்பந்தி வர்றாரு. மூட்டை மாதிரி உக்காந்துக்கிட்டேவா வாங்கன்னு சொல்றது? கைய எடு." அவள் எடுக்கிறாள். அவர் முழு உயரத்துக்கும் எழுந்து, நடுங்கும் கைகள் இரண்டையும் நீட்டுகிறார். "வாங்க..." முகம் வெளுக்கிறது. தேநீர்க் கிண்ணங்களின் மேல் சரிகிறார். புருல் மணிக்கட்டைப் பற்றிப் பார்க்கிறாள். நாடி, இன்னும் உட்கார்ந்திருப்பவருடையதைப் போல, அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.