உள்ளிருந்து வந்த பதில்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று ஆஸ்பத்திரியின் இணையதளத்தை மதியத்துக்குள் திறக்காவிட்டால் எனக்கும், கூட வேலை பார்த்த அக்கா கணவருக்கும் வேலை போய்விடும். வாசலில் நின்று கேள்வி வாங்கும் வெப் சர்வரை, உள்ளிருந்து விடை தரும் ஜாவா சர்வரோடு இணைத்தேன். ஜாவாவை இன்னும் ஓடவிடவில்லை, பிழைச்செய்திதான் வரவேண்டும். சோதனைக்கு ஒரு நோயாளியின் பெயரைத் தட்டினேன். படுக்கை எண் வந்தது.

“சமைக்கவே இல்ல, அதுக்குள்ள ஏப்பமா?” என்று சிரித்தார் அக்கா கணவர்.

“உள்ள ஒண்ணுமே ஓடல மச்சான். பதில் சொல்றது யாரு?”

“வருதுல்ல? நோண்டாத மாப்ள. வேலை தங்கட்டும்.”

அப்படியே விட்டுவிட்டோம். வேலை தங்கியது. மச்சான் மேலாளரானார். ஜாவாவை இதுவரை யாரும் ஓடவிடவில்லை. நோயாளிகள் வருகிறார்கள், திரை சொல்லும் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.