பவுடரின் நடிப்பு

ஆரியசாலை மொத்தக் கடையில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் சுஜா, மகன் செல்வமணியையும் பவுடர் என்ற வெள்ளை நாயையும் சினிமாத் தேர்வுக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஒரு சிறுவனும் கெட்டிக்கார நாயும் வரும் குடும்பப் படம்.

செல்வமணி நாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சற்றுப் பொறுத்து, "உக்காரு" என்றான். பவுடர் உட்கார்ந்தது. "உருளு" என்றான். உருண்டது. "போ" என்றான். போயே விட்டது.

மலையாள இயக்குநர் அனூப் எழுந்து நின்று கைதட்டினார்.

"நாய் சூப்பர், சேச்சி. பையன் வேண்டா. கேமராவப் பாக்கவே மாட்டேங்கறான், டயலாக்கும் லேட். நடிப்பு வராது, கேட்டோ."

நாயை மட்டும் வாங்கிக்கொண்டு, பள்ளி நாடகத்தில் பரிசு வாங்கிய வேறொரு பையனைப் போட்டார்கள்.

கல்லாற்றில் முதல் நாள் படப்பிடிப்பு. புதுப் பையன் கேமராவைப் பார்த்துக் கணீரென்று, "உக்காரு" என்றான். பவுடர் ஆற்றில் இறங்கியது. "வா" என்றான். அது அக்கரைக்குப் போனது.

பதினெட்டாவது டேக்கில் அனூப் சுஜாவுக்குப் போன் போட்டார்.

"சேச்சி, உங்க மகன் சொன்னதெல்லாம் நாய் கேட்டுச்சே! இப்ப என்னாச்சு?"

"அதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, சாரே. நீங்க ஊசி போட்டாச்சான்னு மட்டுந்தான கேட்டிய."

"அப்ப அன்னைக்கு?"

"அது அடுத்து என்ன செய்யும்னு என் மகனுக்குப் பாத்தாலே தெரியும். அதத்தான் முந்திக்கிட்டுச் சொன்னான். அன்னைக்கு நடிச்சது நாயில்ல, சாரே."